உள்ளேன் டீச்சர்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருக்கிறவர்கள் முடித்துவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள். முதல் நாலு வரி படித்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று கமெண்ட் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் நின்றவள். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே, கடைசி பெஞ்சில் என்ன நடக்கிறது என்று சொல்லுவேன்.

நாளை செப்டம்பர் 22, உலக காண்டாமிருக தினம். மாசி மாதம் அசாம் போய்விட்டு வந்து, காண்டாமிருகமும் குட்டியும் புல்வெளியில் மேய்கிற படம் ஒன்று போட்டிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதன் கீழே ஒரு பையன் (இப்போது அவனுக்கு நாற்பது வயசு, ஆனாலும் எனக்குப் பையன்தான்) கேட்டிருந்தான்: "டீச்சர், இது அழியப்போற மிருகம்னு நீங்கதானே பாடம் நடத்தினீங்க? இப்ப மாடு மாதிரி ரோட்டோரமா மேயுதே!"

நியாயமான கேள்வி. அன்றைக்கு ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டுவிட்டு விட்டுவிட்டேன். இன்றைக்குப் பதில் சொல்கிறேன். பதிலோடு சேர்த்து, இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தையும் சொல்லப்போகிறேன். இரண்டும் எனக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் சொல்ல வரவில்லை.

சின்ன மாப்பிள்ளைக்குக் கவுகாத்தியில் வேலை. "அத்தை, ஒரு தடவையாவது வந்து பாருங்க" என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திண்டிவனத்தைத் தாண்டினால் சென்னை, இந்தப் பக்கம் விழுப்புரம், மிஞ்சினால் திருப்பதி என்று இருந்தவள் முதல் தடவையாக விமானம் ஏறினேன். கவுகாத்தியிலிருந்து கிழக்கே காரில் நாலைந்து மணி நேரம் போனால் காசிரங்கா. கோஹோரா என்ற ஊரில் தங்கி, விடிகாலையில் ஜீப்பில் உள்ளே போனோம். நம்ம ஊர் மார்கழிப் பனி அந்தக் குளிருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூன்று சால்வை போர்த்தியும் பல் கிட்டித்தது.

பனி விலக விலக, தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. ஏரிக்கரையில் எருமை நிற்கிறது என்றுதான் நினைத்தேன். தலையைத் தூக்கியது. ஒற்றைக் கொம்பு. உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாகத் தோல். இரும்புத் தகட்டை ஆணி அடித்துப் பொருத்தின மாதிரி. இரண்டு டன்னுக்கு மேல் எடை இருக்குமாம். அதன் காலடியில் ஒரு குட்டி. முகத்தில் கொம்பு இன்னும் முளைக்கவில்லை. அம்மா நகர்ந்தால் நகர்வதும், நின்றால் நிற்பதுமாக, முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டே திரிந்தது.

இந்த மிருகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமூக அறிவியல் பாடத்தில் சிந்துவெளி முத்திரை படம் பார்த்திருப்பீர்கள். காளை, யானை, புலி இவற்றோடு காண்டாமிருகமும் அதில் உண்டு. அந்தக் காலத்தில் சிந்து நதிப் பக்கம் அது திரிந்திருக்கிறது. மொகலாய மன்னர் பாபர் பெஷாவர் பக்கத்தில் காண்டாமிருகம் வேட்டையாடியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதாவது, ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால்கூட சிந்துவிலிருந்து பிரம்மபுத்திரா வரை வடக்கே ஆற்றங்கரைப் புல்வெளிகளில் எல்லாம் இது இருந்தது. பிறகு புல்வெளி வயலானது, தேயிலைத் தோட்டமானது. வெள்ளைக்காரத் துரைகளும் நம்ம ராஜாக்களும் விளையாட்டுக்குச் சுட்டுத் தள்ளினார்கள். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது இந்தியா, நேபாளம் இரண்டிலும் சேர்த்து இருநூறுகூட இல்லை. காசிரங்காவில் ஒரு டஜன்தான் மிச்சம் என்று அப்போதைய கணிப்பு.

1905ல் அந்த இடத்தைக் காக்கும் முயற்சி தொடங்கி, 1908ல் காப்புக்காடு ஆனது. பிறகு வேட்டைக்குத் தடை வந்தது. 1966ல் எண்ணிப் பார்த்தபோது 366. 1974ல் தேசியப் பூங்கா. 2022ல் எண்ணியபோது 2,613. அதில் வளர்ந்தவை 1,823, அதற்கு அடுத்த வயதில் 365, சிறியவை 279, கைக்குட்டிகள் 146. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். நானும் கூட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம். இந்தியா, நேபாளம் சேர்த்து இப்போது நாலாயிரத்துக்கு மேல்.

ஆகவே, அந்தப் பையனுக்கு முதல் பதில்: நான் சொன்னதும் நிஜம், நீ பார்த்ததும் நிஜம். அழியத்தான் இருந்தது. நூறு வருஷமாக ஆட்கள் உட்கார்ந்து காவல் காத்ததில் பிழைத்தது.

காவல் என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். புல்லுக்கு நடுவில் தூண் மேல் கட்டின சின்ன வீடு. வனக்காவலர்களின் முகாம். பூங்கா முழுக்க இந்த மாதிரி இருநூறுக்கு மேல் இருக்கின்றனவாம். வெள்ளம் வந்தால் கீழே தண்ணீர் ஓடும், மேலே இவர்கள் இருப்பார்கள். ஒரு துப்பாக்கி, ஒரு வயர்லெஸ், அரிசி, உருளைக்கிழங்கு. வீட்டுக்குப் போக வாரக்கணக்கில் ஆகும்.

அங்கே ஐம்பது வயசிருக்கும் ஒரு காவலர் நின்றிருந்தார். மாப்பிள்ளை இந்தியில் பேச்சுக் கொடுத்தார். நான் கேட்கச் சொன்ன கேள்வி: "தினமும் காலையில முதல் வேலை என்ன?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்: "நேத்து பார்த்ததெல்லாம் இன்னிக்கும் இருக்கான்னு பார்க்கறதுதான். காதுல கிழிசல், கொம்புல வெட்டு, இதை வச்சு அடையாளம் தெரியும். இரண்டு நாள் ஒண்ணு கண்ணுல படலைன்னா தேடப் போவோம். எண்ணிட்டு உட்கார்ந்துக்கறதுக்கு நாங்க எதுக்கு? இல்லாததைத் தேடத்தானே எண்ணறது."

மாப்பிள்ளை அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் அவர்கள் யானை காட்டினார்கள், மான் காட்டினார்கள். நான் பார்த்தது ஒரு பழைய நீல அட்டை போட்ட வருகைப் பதிவேடு.

இனி சொல்லப்போவதுதான் அந்த விஷயம்.

1993. தை மாதம். விழுப்புரம் இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை, அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில்தான் ஆனது. திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் தொடக்கப்பள்ளி. ஊர் பெயர் வேண்டாம். இரண்டு ஆசிரியர். ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு புங்க மரம், அவ்வளவுதான் பள்ளி. நான் நாலாவது, ஐந்தாவது எடுத்தேன்.

நாலாவதில் ஒரு பெண் பிள்ளை. ஒல்லி. எண்ணெய் வைக்காத தலை. வாய்ப்பாடு பதினாறு வரை தடங்காமல் சொல்லும். பெயர் கூப்பிட்டால் மற்ற பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்று இழுப்பார்கள். இவள் மட்டும் எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்!" என்று போலீஸ்காரர் மாதிரி சொல்லுவாள். பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தது. பெயர் கூப்பிட்டேன். சத்தம் இல்லை.

"சூளைக்குப் போயிட்டாங்க டீச்சர். ஊடே பூட்டியிருக்குது" என்றான் பக்கத்து வீட்டுப் பையன்.

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மல்லாட்டை பிடுங்கி முடிந்து, அறுப்பும் முடிந்தால் வேலை இருக்காது. செங்கல் சூளை மேஸ்திரி வந்து முன்பணம் கொடுப்பார். தை பிறந்தால் குடும்பத்தோடு கிளம்பி, ஆடி வரை அங்கேயே குடிசை போட்டுக் கல் அறுப்பார்கள். அப்பாவும் அம்மாவும் மண் மிதித்துக் கல் அறுத்தால், காயப்போட்ட கல்லைத் திருப்பிவைப்பது பிள்ளைகளின் வேலை.

ஒரு வாரம் ஆப்சென்ட் போட்டேன். இரண்டாவது வாரம், மூத்தவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பேரை எடுத்தா எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைஞ்சா ஒரு போஸ்ட் போயிடும். போறது நீயா நானாம்மா? எப்படியும் ஆடியில வந்துடுவாங்க. போட்டுவை."

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு. கைக்குழந்தை. வீட்டுக்காரருக்கு மதுரைப் பக்கம் வேலை. என்னைத் தூரத்து ஊருக்கு மாற்றிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். போட்டுவைத்தேன். காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு ஒரு கோடு. தை, மாசி, பங்குனி, சித்திரை. மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பெயரைக் கூப்பிட மாட்டேன். வாய்க்குள் சொல்லிக்கொண்டு கோடு போடுவேன். ஆய்வுக்கு வந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வருஷக் கடைசியில் நாலாவது தேறி ஐந்தாவது போனதாகவும் எழுதினோம்.

அவள் ஆடியில் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

யாரும் தேடவும் இல்லை. எப்படித் தேடுவார்கள்? பதிவேட்டில் அவள் தினமும் வந்துகொண்டிருந்தாளே!

அந்தக் காவலர் சொன்ன ஒரு வார்த்தையில் எனக்கு இது விளங்கியது. ஊருக்குத் திரும்பி வந்து, மகளிடம் போனில் தேடித் தரச் சொல்லி, காண்டாமிருகம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, நான் செய்த அதே தப்பு உலகத்தில் வேறெங்கும் நடந்திருப்பதைப் பார்த்தேன்.

இந்தோனேசியாவில் ஜாவா தீவின் மேற்கு முனையில் உஜுங் குலோன் என்று ஒரு காடு. ஜாவா காண்டாமிருகம் இப்போது உலகத்திலேயே அந்த ஒரு காட்டில்தான் இருக்கிறது. அதுவும் ஒற்றைக் கொம்புதான், நம்முடையதைவிடக் கொஞ்சம் சிறியது. ஒரு காலத்தில் நம்ம வங்காளத்துச் சுந்தரவனத்திலிருந்து வியட்நாம் வரை இருந்த இனம். உஜுங் குலோனில் எழுபத்தாறு இருக்கிறது, கூடிக்கொண்டே வருகிறது என்று அரசாங்கக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. உலகமே சந்தோஷப்பட்டது. 2023ல் அந்த நாட்டுத் தன்னார்வ அமைப்பு ஒன்று கேட்டது: கணக்கில் இருக்கிறவற்றில் பதினெட்டு, வருஷக்கணக்கில் கேமராவில் விழவே இல்லையே, அவற்றையும் எப்படிச் சேர்த்தீர்கள்? அதில் செத்துப்போனது தெரிந்தவையும் உண்டே?

மறுவருஷம் போலீஸ் விசாரணையில் உண்மை வந்தது. 2019 முதல் 2023 வரை வேட்டைக்காரக் கும்பல்கள் 26 காண்டாமிருகங்களைக் கொன்றதாக ஒப்புக்கொண்டன. எழுபத்தாறில் இருபத்தாறு! இப்போது ஏறக்குறைய ஐம்பதுதான் மிச்சம் என்கிறார்கள். கொம்பு வெட்டப்பட்டுக் காட்டில் கிடந்தபோதும் அவற்றில் பலவற்றுக்குக் கணக்கில் காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு ஒரு கோடு விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

வியட்நாம் கதை இன்னும் கொடுமை. அங்கே காட் தியென் என்ற காட்டில் அதே ஜாவா இனம் கொஞ்சம் இருந்தது. எத்தனை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 2009, 2010ல் காட்டில் கிடைத்த சாணத்தையெல்லாம் சேகரித்து மரபணு சோதனை செய்தார்கள். இருபத்திரண்டு மாதிரி. எல்லாமே ஒரே ஒரு பெண் மிருகத்தினுடையது! அந்தக் காடு முழுக்க அது ஒன்றுதான் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. 2010 ஏப்ரலில் அதுவும் செத்துக் கிடந்தது. காலில் குண்டு. கொம்பைக் காணோம். வியட்நாமில் அந்த இனம் முடிந்தது.

திருவக்கரைக்குச் சுற்றுலா போனோமே, கல்மரம் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "இதுல தண்ணி ஊத்தினா மறுபடி முளைக்குமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு கோடி வருஷத்து மரம். கல்லானது கல்லானதுதான். அது இயற்கை செய்தது. வியட்நாமில் நடந்தது அப்படி இல்லை. கல்லாவதற்கு முந்தின நாள் வரை உயிரோடு நடந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை.

எதற்காகக் கொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். அந்தக் கொம்புக்காக. கொம்பு என்றால் மாட்டுக் கொம்பு மாதிரி உள்ளே எலும்பு கிடையாது. நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் முழுக்க. அதை அரைத்துக் குடித்தால் காய்ச்சல் போகும், புற்றுநோய் போகும் என்று வெளிநாட்டில் நம்புகிற கூட்டம் இருக்கிறது. காசு கொட்டிக் கொடுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நாம் வாரா வாரம் வெட்டிப் போடுகிற நகத்துக்கு எத்தனை லட்சம் கிடைக்க வேண்டும்! அசாமில் செத்த மிருகங்களிடமிருந்து எடுத்ததும் பறிமுதல் செய்ததுமாக ஏராளமான கொம்புகள் அரசாங்கக் கருவூலங்களில் கிடந்தன. ஆமாம், நம்ம சம்பள பில் போய்ப் படுத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி கருவூலம்தான். 2021ல் இதே செப்டம்பர் 22ந்தேதி, 2,479 கொம்புகளை அடுக்கித் தீ வைத்தார்கள். இதற்கு மருந்துக் குணமும் இல்லை, விலையும் இல்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காக.

இவ்வளவு படித்தபின் மனசு கனத்துப்போயிருந்தது. அப்போதுதான் மானஸ் கதை கண்ணில் பட்டது.

மானஸ் அதே அசாமில், பூடான் எல்லையில் இருக்கிற காடு. 1980களின் கடைசியில் அங்கே நூறு காண்டாமிருகம் போல இருந்தன. பிறகு அந்தப் பகுதியில் கலவரம். காவல் முகாம்களை எரித்தார்கள், காவலர்கள் உள்ளே போக முடியவில்லை. பத்து வருஷம் ஆகவில்லை, அத்தனையும் போய்விட்டது. ஒன்றுகூட இல்லை. 1992ல் யுனெஸ்கோ அந்தக் காட்டை 'ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரிய இடங்கள்' பட்டியலில் போட்டது. கவனியுங்கள். காசிரங்காவும் மானஸும் ஒரே மாநிலம், ஒரே மிருகம், ஒரே வேட்டைக்காரன். ஒரு இடத்தில் காவலர் இருந்தார், இன்னொரு இடத்தில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அமைதி திரும்பியபின், போனதைத் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவு செய்தார்கள். 2008ல் பொபிதோரா என்ற இடத்திலிருந்து முதலில் இரண்டு ஆண் மிருகங்களை மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். தொடர்ந்து இன்னும் சிலவற்றைக் கொண்டுவந்தார்கள். அதோடு, காசிரங்கா வெள்ளத்தில் தாயைப் பிரிந்த குட்டிகளை ஒரு மறுவாழ்வு மையத்தில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருந்தார்கள். அவற்றையும் மானஸில் விட்டார்கள். இரண்டுக்குக் கங்கா, யமுனா என்று பெயர். காட்டையே தெரியாமல் மனுஷர் கையில் பால் குடித்து வளர்ந்த அந்த இரண்டும் அங்கே பிழைத்தன. குட்டியும் போட்டன. 2011ல் மானஸ் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. 2022ல் எண்ணினபோது அங்கே நாற்பது.

பூஜ்யத்திலிருந்து நாற்பது. இந்த மிருகம் பதினாறு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். அடுத்த குட்டிக்கு மூன்று வருஷம்போல ஆகும். அப்படியிருந்தும் நாற்பது.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லவில்லை. நான் பார்த்த அந்தப் புல்வெளியில் வருஷா வருஷம் பிரம்மபுத்திரா புகுந்துவிடும். வெள்ளம் வந்தால்தான் புல் செழிக்கும். அதே வெள்ளம்தான் குட்டிகளை அடித்துக்கொண்டும் போகும். மேடு தேடி மிருகங்கள் தேசிய நெடுஞ்சாலையைத் தாண்டி கார்பி மலைப் பக்கம் ஓடும். நம்ம திண்டிவனம் பைபாஸ் மாதிரி லாரி பறக்கிற சாலை. மிருகம் வளர்ந்த அளவுக்கு இடம் வளரவில்லை. காவல் கடுமையாக இருக்கிறதே தவிர, அந்தக் கடுமை சுற்றியுள்ள ஊர் ஜனங்கள் மேலும் விழுகிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு. நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஏழை வயிற்றை மறந்துவிட்டுக் காட்டை மட்டும் காப்பாற்றினால் அது நிலைக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சூளைக்குப் போன குடும்பத்தைப் பார்த்தவளுக்கு அது தெரியும்.

ஆனாலும் ஒன்று. 2013, 2014ல் அசாமில் வருஷத்துக்கு இருபத்தைந்துக்கு மேல் கொல்லப்பட்டன. 2022ல் மாநிலம் முழுக்க ஒன்றுகூடக் கொல்லப்படவில்லை. இதற்கு மந்திரம் கிடையாது. தூண் மேல் கட்டின வீட்டில் அந்த ஆள் இருந்தார். காலையில் எழுந்து எண்ணினார். காணாததைத் தேடிப் போனார்.

இப்போது அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன்.

அவள் வராத அந்த வருஷத்துக்கு அப்புறம் நான் மாறினேன் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். காரணம் மட்டும் உங்களுக்குத் தெரியாது. மூன்று நாள் வராவிட்டால் உங்கள் வீட்டு வாசலில் டீச்சரின் டிவிஎஸ் வண்டி வந்து நிற்கும், நினைவிருக்கிறதா? "இந்த அம்மாவுக்கு வேற வேலை இல்ல" என்று உங்கள் வீட்டில் முனகினதும் என் காதில் விழுந்ததுதான். கரும்பு வெட்டப் போன குடும்பத்தோடு போய்விட்ட ஒரு பையனை, கண்டாச்சிபுரம் பக்கம் வரை போய், அவன் பாட்டியோடு பேசி அழைத்து வந்தேன். அவன் இப்போது எங்கேயோ பெரிய வேலையில் இருக்கிறான். இதைப் படிப்பான். நான் நல்ல டீச்சர் என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். அது நல்ல குணத்தால் வந்தது இல்லை. ஒரு கடனை வட்டியாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

2014ல் ஒரு நாள், திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டிக்காக நிற்கிறேன். "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று ஒரு குரல். முப்பது வயசுப் பெண். கையில் ஒரு சிறுமி, சீருடையில். முகம் தெரியவில்லை. பேரைச் சொன்னாள். எனக்குக் கால் தளர்ந்துவிட்டது.

சூளையிலேயே நாலைந்து வருஷம் ஓடிவிட்டதாம். கடன் தீரத் தீர அப்பா மறுபடி முன்பணம் வாங்கினாராம். பிறகு கல்யாணம். இப்போது தையல் வேலை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நடுவில் ஒரு வார்த்தை: "சூளையில இருந்தப்ப, நீங்க வந்து கூப்பிட்டுக்கினு போவீங்கன்னு நெனைச்சிக்கினே இருப்பேன் டீச்சர். ரோட்டுல எதுனா சைக்கிள் மணி கேட்டா எட்டிப் பாப்பேன்."

வண்டி வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்கியாம்மா, நல்லா இரு" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். பதினோரு வருஷம் அந்த வார்த்தை எனக்குள் கிடந்தது.

அசாமிலிருந்து வந்தபின், தெரிந்தவர்கள் மூலம் அவள் நம்பர் வாங்கிப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். "நீ வராத நாலு மாசமும் வந்ததா கோடு போட்டேன்மா. அதனாலதான் உன்னை யாரும் தேடலை. தப்பு என்னோடது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி விடுங்க டீச்சர்" என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "அதான் யாரும் வரலியா" என்றாள். அவ்வளவுதான். அப்புறம், "எழுதறதுன்னா எழுதுங்க, பேரு போடாதீங்க" என்றாள். காண்டாமிருகத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் சிரித்தாள். "என்னைக் கொண்டுபோய் அதோட சேத்துட்டீங்களா டீச்சர்?"

உங்களில் எத்தனையோ பேர் இன்றைக்கு ஆசிரியர்கள். பதிவேடு போய் இப்போது செல்போன் செயலியில் வருகை போடுகிறீர்கள். கோடு போனாலும் ஆசை போகவில்லை என்று கேள்விப்படுகிறேன். வராத பிள்ளைக்கு வந்ததாகப் போடாதீர்கள். எந்த அதிகாரி சொன்னாலும் போடாதீர்கள். அந்த ஒரு ஆப்சென்ட்தான் அந்தப் பிள்ளை உலகத்தைப் பார்த்துக் கத்துகிற சத்தம். அதை நீங்கள் அழித்துவிட்டால் வேறு யாருக்கும் கேட்காது.

வனத்துறையில் இருக்கிற பிள்ளைகளே, நம்ம மாவட்டத்துக் கழுவேலி 2021ல் பறவைகள் சரணாலயம் ஆகி, 2024ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சந்தோஷம். பறவை எண்ணும்போது போன வருஷ எண்ணைப் பார்த்து இந்த வருஷ எண்ணை எழுதாதீர்கள். குறைந்திருந்தால் குறைந்தது என்று எழுதுங்கள். தேடுவதற்கு வழி இருக்கும்.

ஆப்பிரிக்காவில் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் என்று ஒரு வகை. கடைசி ஆண் 2018 மார்ச்சில் செத்துப்போனது. இப்போது உலகத்தில் இரண்டே இரண்டு, தாயும் மகளும். நாஜின், ஃபாட்டு என்று பெயர். கென்யாவில் ராத்திரி பகலாக ஆள் வைத்துக் காக்கிறார்கள். அந்த வகுப்பில் பெயர் கூப்பிட்டால் இரண்டு குரல்தான் வரும். அதற்கும் ஒருவர் தினமும் காலையில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

போனை வைப்பதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன், அன்றைக்குப் பேருந்து நிலையத்தில் பார்த்த மகள் என்ன படிக்கிறாள் என்று.

"நர்சிங் ரெண்டாவது வருஷம் டீச்சர்."

"ஒழுங்கா போறாளா?"

"ஸ்கூல்ல இருந்தே ஒரு நாளும் லீவு போட உட்டதில்ல டீச்சர். அவ போறாளா இல்லியான்னு நானே பின்னாடி போய்ப் பாத்துட்டுதான் வருவேன்."

எல்லோரும் நன்றாக இருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுசாகப் படித்தவர்கள் கீழே "உள்ளேன் டீச்சர்" என்று எழுதுங்கள். வராதவர்களை நாளைக்கு போனில் கூப்பிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்